குட்டிச்சாத்தானுக்கு ஊரைக் காட்டிய காலம்

தமிழ் சினிமாப் பேய்களுக்கு இப்போது ஒரே வேலைதான், பழிவாங்குவது. யாரையோ கொன்று புதைத்திருப்பார்கள். பாழடைந்த பங்களாவில் ஆவி காத்துக் கிடக்கும். இடைவேளைக்குப் பிறகு முன்கதை வரும். கடைசியில் கோயில் மணி அடித்து, குங்குமம் பறந்து, கணக்கு தீரும். 2011இல் வந்த ‘காஞ்சனா’வும் 2014இல் வந்த ‘அரண்மனை’யும் போட்ட தடத்தில் எத்தனையோ படங்கள் வந்துவிட்டன. அவற்றைக் குழந்தைகளும் பார்க்கிறார்கள், அம்மாவின் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு. அந்தப் பேய்களில் ஒன்றுகூட ஒரு குழந்தையின் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, ‘இது என்ன? அது ஏன் அப்படி?’ என்று கேட்டதில்லை.

அப்படிக் கேட்ட ஒருவனை எனக்குத் தெரியும். அவனை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

1984 ஆகஸ்ட் 24ஆம் தேதி ‘மை டியர் குட்டிச்சாத்தான்’ வெளியானது. மலையாளத்தில் எடுத்த படம். இந்தியாவின் முதல் 3டி படம் என்று அதைச் சொல்வார்கள். தயாரித்தவர் நவோதயா அப்பச்சன். இயக்கியவர் அவருடைய மகன் ஜிஜோ. திரைக்கதை ரகுநாத் பலேரி. ஒளிப்பதிவு, ‘உதிரிப்பூக்க’ளையும் ‘ஜானி’யையும் நமக்குக் கண்குளிரக் காட்டிய அசோக்குமார். இசை இளையராஜா. அதனால் அது மலையாளப் படம் என்பதே எங்களுக்குப் பெரிதாகத் தோன்றவில்லை. நாகர்கோவில் பக்கத்துப் பிள்ளைகளுக்கு அந்த மொழி அன்னியமும் இல்லை. 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்த மண். எங்கள் தெருவில் பாதிப் பேருக்குப் பாறசாலைக்கு அப்பால் சொந்தக்காரர்கள் உண்டு.

கதை எளிமையானது. ஒரு மந்திரவாதியின் பிடியில் குட்டிச்சாத்தான் அடிமையாகக் கிடக்கிறான். அவன் எந்த மாயமும் செய்வான். ஆனால் எசமான் சொன்னதை மட்டும்தான் செய்ய முடியும். இரண்டு பையன்களும் ஒரு சிறுமியும் தற்செயலாக அவனை அந்தக் கட்டிலிருந்து விடுவித்துவிடுகிறார்கள். விடுபட்டவன் அவர்களோடு சேர்ந்துகொள்கிறான். அந்தச் சிறுமியின் வீட்டில் தங்குகிறான். அவளுடைய அப்பா குடியில் மூழ்கிப்போன மனிதர். சாத்தானுக்கும் மது பிடிக்கும். அப்பாவின் பாட்டில்களை அவனே காலி செய்கிறான். போகப்போக அந்த அப்பாவும் குடியை விட்டு மனிதராகிறார். ஆனால் புதையலுக்காகச் சாத்தானை அடிமையாக்கிய மந்திரவாதி சும்மா இருப்பானா? அவன் தேடி வருகிறான். மந்திரவாதியாக நடித்தவர் கொட்டாரக்கர ஸ்ரீதரன் நாயர், ‘செம்மீ’னில் செம்பன்குஞ்ஞாக வந்த அதே மனிதர். அந்தக் கண்களையும் குரலையும் பார்த்து நாங்கள் இருக்கையின் விளிம்பில் ஒட்டிக்கொண்டோம்.

படத்துக்குப் போகிறேன் என்றபோது ஆச்சிக்கு அது பிடிக்கவே இல்லை.

“சாத்தான் படமா? அதப் பைசா குடுத்துப் போய்ப் பாக்கணுமாக்கும்?” என்றாள். அப்புறம் குரலைத் தாழ்த்தி, “மக்கா, அவன் ஏவுனதச் செய்யுதவன். அவன்கிட்ட நீ ஒண்ணும் கேட்டுராத, கேட்டியா. கேட்டா குடுப்பான். பொறவு விடமாட்டான்” என்றாள்.

ஆச்சி சொன்னது படக்கதை அல்ல; தலைமுறை தலைமுறையாகக் கேட்டது. கூரையில் கல் விழுந்தால், சோற்றில் மயிர் கிடந்தால், மூடி வைத்த பெட்டிக்குள் துணி தீய்ந்து போயிருந்தால், ‘எவனோ சாத்தானை ஏவிவிட்டிருக்கான்’ என்பார்கள். அந்தக் கதைகளில் எல்லாம் சாத்தான் சிறுபிள்ளைத்தனமான குறும்பன்தான். ஆனால் குறும்புக்குப் பின்னால் எப்போதும் ஒரு பெரியவர் இருப்பார். பகையை மனதில் வைத்துக்கொண்டு, காசு கொடுத்து, மந்திரவாதியைப் பிடித்து, பிள்ளையை ஏவிவிட்ட பெரியவர்.

வடக்கே கண்ணூர் வட்டாரத்தில், தெய்யம் என்னும் வழிபாட்டு ஆட்டத்தில், குட்டிச்சாத்தான் தெய்வமாகவே ஆடுகிறான். பையன்னூர்ப் பக்கம் காளகாட்டு இல்லத்தோடு சேர்த்துச் சொல்லும் கதை அது. நம்பூதிரி வீட்டில் வளர்ந்த பிள்ளை, சூட்டிகையானவன், ஆனால் சொல்பேச்சு கேட்காதவன். பாடம் சொல்லிக்கொடுத்த குரு அடித்தார் என்று குருவையே கொன்றான். பொறுக்க முடியாத அப்பா அவனை வெட்டித் துண்டு துண்டாக்கி ஓமத் தீயில் போட்டார். அந்தத் தீயிலிருந்து ஒன்றுக்குப் பலவாகச் சாத்தான்கள் எழுந்து வந்தார்கள். கொட்டாரத்தில் சங்குண்ணி தொகுத்த ‘ஐதீகமாலை’யிலும் சாத்தானை வைத்திருந்த மாந்திரீகக் குடும்பத்தின் கதை உண்டு. இந்தக் கதைகளை எல்லாம் வளர்ந்த பிறகு படித்தபோது எனக்கு முதலில் தோன்றியது பயமில்லை, பரிதாபம். எங்கே பார்த்தாலும் அவன் அடிபட்ட பிள்ளை, அல்லது வேலைக்காரப் பிள்ளை. அவனைக் கும்பிட்டார்கள், பயந்தார்கள், ஏவினார்கள். அவனோடு உட்கார்ந்து விளையாடியவர் யாரும் இல்லை.

ஜிஜோவின் படம் செய்த பெரிய காரியம் இங்கேதான் இருக்கிறது என்பது என் முடிவு. 3டி அப்புறம். பல நூறு வருஷக் கதையில் முதல் தடவையாக யாரோ சாத்தானுக்குக் கட்டளை இடாமல் இருந்தார்கள். அந்த மூன்று பிள்ளைகளும் அவனைக் கூட்டு சேர்த்துக்கொண்டார்கள். மனிதர்களின் உலகத்தில் எது எப்படி நடக்கிறது, யாரை நம்பலாம், யாருக்கு ஒளிய வேண்டும் என்று அவனுக்குக் காட்டினார்கள். பதிலுக்கு அவன் அவர்களுடைய உலகத்தைத் தலைகீழாக்கினான்.

தலைகீழாக்கினான் என்பதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். பிள்ளைகள் ஓர் அறையின் தரையிலிருந்து சுவருக்கு ஏறி, சுவரிலிருந்து கூரைக்குப் போய், தலைகீழாக நடந்து, மறுபக்கச் சுவர் வழியாக இறங்கி வரும் அந்தப் பாட்டை ஒருமுறை பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். கம்ப்யூட்டர் வித்தை எதுவும் இல்லாத காலம். கலை இயக்குநர் கே. சேகர் ஓர் அறையையே இரும்புச் சட்டத்துக்குள் கட்டி, அது முழுதும் உருளும்படி செய்தார். கட்டில், அலமாரி, சன்னல் எல்லாம் அறையோடு இறுக்கியவை. கேமராவும் அறையோடு சேர்த்துப் பூட்டியது. அறை மெல்ல உருளும். பிள்ளைகள் எப்போதும் எது கீழே இருக்கிறதோ அதன்மேல் நடந்துகொண்டே இருப்பார்கள். கேமராவும் கூடவே சுற்றுவதால், அறை அசையாமல் நிற்பது போலவும் பிள்ளைகள் சுவரில் ஏறுவது போலவும் நமக்குத் தெரியும். 1951இல் ஹாலிவுட்டில் ஃப்ரெட் அஸ்டேர் ஒரு நடனத்துக்குச் செய்த உத்தி இது. அதைக் குழந்தைகளுக்காகக் கேரளத்தில் செய்து காட்டினார்கள். நடந்தவர்கள் நிஜமான பிள்ளைகள், நிஜமான அறையில். அதனால்தான் அவர்களுடைய சிரிப்பு அவ்வளவு உண்மையாக இருந்தது. அந்த ஆண்டு குழந்தை நட்சத்திரங்களுக்கான தேசிய விருதும் இந்தப் படத்துப் பிள்ளைகளுக்கே கிடைத்தது. அவர்களில் ஒருவரான சோனியா பிற்பாடு தமிழ்த் தொலைக்காட்சித் தொடர்களில் நம் வீடுகளுக்கு வந்தார்.

3டி கண்ணாடியைப் பற்றியும் சொல்ல வேண்டும். அதைக் கையில் வாங்கிய நேரம் இன்னும் விரல்களில் இருக்கிறது. மங்கலான சாம்பல் நிறத் தகடு இரண்டு. முகத்துக்குப் பெரிது, மூக்கில் நிற்காமல் நழுவும், ஒரு கையால் பிடித்துக்கொண்டே பார்க்க வேண்டும். படம் ஓடும்போது கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தால், திரையில் எல்லாம் இரண்டிரண்டாகத் தெரியும். ஒவ்வொரு மனிதருக்கும் விளிம்பில் இன்னொரு மனிதர். மறுபடி மாட்டினால் இருவரும் ஒன்றாகிவிடுவார்கள். தலையைத் தோள்பக்கம் சாய்த்தால் திரும்பவும் பிரிவார்கள். படம் பார்க்க வந்த பிள்ளைகளில் பாதிப் பேர் தலையைச் சாய்ப்பதும் நிமிர்த்துவதுமாக இருந்தார்கள்.

அதற்கான காரணத்தை வெகுகாலம் கழித்துத் தெரிந்துகொண்டேன். வலது கண்ணுக்கான படமும் இடது கண்ணுக்கான படமும் ஒரே பிலிம் சட்டத்துக்குள் மேலும் கீழுமாகப் பதிந்திருக்கும். புரொஜெக்டரில் பூட்டிய தனி லென்ஸ் இரண்டையும் திரையில் ஒன்றன்மேல் ஒன்றாக விழவைக்கும். ஒவ்வொன்றின் ஒளியையும் ஒவ்வொரு திசையில் அதிரும்படி வடிகட்டும். நம் கண்ணாடியின் ஒவ்வொரு தகடும் தனக்குரிய ஒளியை மட்டும் உள்ளே விடும். சாதாரண வெள்ளைத் திரையில் அந்த ஒளி சிதறிக் கலைந்துவிடும் என்பதால் வெள்ளிப்பூச்சுத் திரை வேண்டும். இந்த வித்தையைக் கற்கவே ஜிஜோ அமெரிக்காவுக்குப் போய் 3டி லென்ஸ் நிபுணர் கிறிஸ் காண்டனைப் பார்த்து வந்தார். ஒரு குட்டிச்சாத்தானை நம் பக்கத்தில் உட்கார வைக்க எத்தனை பேர் எவ்வளவு தூரம் அலைந்திருக்கிறார்கள்!

படம் ஓடத் தொடங்கியதும் இன்னொரு சிக்கல் வந்தது. கண்ணாடியால் மெட்ராஸ் ஐ பரவுகிறது என்று வதந்தி. ஒருவர் போட்டதை அடுத்தவர் போடுவதால் கண்வலி ஒட்டிக்கொள்ளும் என்று வீட்டுக்கு வீடு பேசினார்கள். தயாரிப்பாளர்கள் பிரேம் நசீர், அமிதாப் பச்சன், ஜிதேந்திரா, ரஜினிகாந்த், சிரஞ்சீவி ஆகியோரைப் பேச வைத்துப் படமெடுத்துச் சேர்த்தார்கள். ஒவ்வொரு காட்சி முடிந்ததும் கண்ணாடிகளைச் சுத்தம் செய்துதான் தருகிறோம் என்று அந்தப் பெரிய நட்சத்திரங்கள் சொன்னார்கள். ஊரே நம்பியது. ஒரு குழந்தைப் படத்தைக் காப்பாற்ற இந்தியாவின் இத்தனை நாயகர்கள் வந்து நின்ற காலமும் இருந்தது என்று இன்று நினைத்தாலும் நெஞ்சு நிறைகிறது.

திரையிலிருந்து ஐஸ்கிரீம் கோன் நீண்டு வந்தது. அதை யாரால் மறக்க முடியும்? மூக்குக்கு எதிரே வந்து நின்றது. அரங்கில் இருந்த பிள்ளைகள் எல்லாரும் ஒரே நேரத்தில் கையை நீட்டினோம். இருட்டில் நூற்றுக்கணக்கான சிறிய கைகள் காற்றைப் பிடித்தன. என் முன்வரிசையில் ஒரு பெரியவர், வேட்டியை மடித்துக் கட்டியவர், அவரும் நீட்டினார்.

ஆனால் நான் ஏங்குவது அந்த ஐஸ்கிரீமுக்காக அல்ல. படம் முடிந்து வெளியே வந்த பிறகு நடந்ததுக்காகத்தான்.

வடசேரியில் எங்கள் கூட்டத்தில் ஒரு விளையாட்டு பிறந்தது. ஒருத்தன் குட்டிச்சாத்தான். அவனுக்கு இந்த உலகத்தில் எதுவுமே தெரியாது. மற்றவர்கள் அவனுக்கு ஊரைச் சுற்றிக் காட்ட வேண்டும். அவன் எதைக் கண்டாலும் கேட்பான். நாங்கள் சொல்ல வேண்டும். சொல்லத் தெரியாமல் மாட்டிக்கொள்கிறவன்தான் அடுத்த சாத்தான்.

“இது என்னது?”

“தபால் பெட்டி.”

“உள்ளே என்ன இருக்கு?”

“கடிதாசு.”

“யாருக்குள்ளது?”

“எல்லாருக்கும் உள்ளது.”

“பின்னே ஏன் பூட்டியிருக்கு?”

இதற்கு யாரும் பதில் சொல்லவில்லை. எல்லாருக்கும் உள்ளதை ஏன் பூட்ட வேண்டும்? ஒருத்தன் ஓடிப்போய்த் தபால்காரரையே கேட்டுவிட்டு வந்தான்.

கனகமூலம் சந்தையில் சாத்தானுக்குப் பெரிய குழப்பம். காலையில் ஒரு விலை, மதியம் ஒரு விலை, சந்தை கலையும் நேரத்தில் ஒரு விலை. மீன் ஒன்றுதானே, விலை மட்டும் ஏன் மாறுகிறது? நாங்கள் மீன்கார அக்காவிடம் போய் நின்றோம். “வெயில் ஏறுதுல்லா மக்களே, மீனு காத்துக் கெடக்குமா?” என்றாள். அன்றைக்குச் சந்தை என்றால் என்னவென்று ஒரு வரியில் படித்தோம். பிற்பாடு கல்லூரியில் பொருளாதாரம் கற்றபோது அந்த வரியைத்தான் ஆசிரியர் ஒரு பக்கமாகச் சொன்னார்.

மணிமேடைக் கடிகாரத்தின் கீழே நின்று சாத்தான் கேட்டான்: “நாலு முகமும் ஒரே நேரம் காட்டினா, ஒரு முகம் போதாதா?” நாங்கள் அவனை நான்கு தெருமுனைக்கும் இழுத்துக்கொண்டு போய் நிறுத்திக் காட்டினோம். சாயங்காலம் சாராயக்கடை வாசலில் விழுந்து கிடந்த ஒருவரைப் பார்த்து, “இவரு வீட்டுக்கு வழி தெரியாதவரா?” என்று கேட்டான். அவர் எங்கள் கூட்டத்தில் ஒருவனுக்குச் சித்தப்பா. அந்தக் கேள்விக்கு நாங்கள் யாரும் சிரிக்கவில்லை. இரண்டு பேர் அவரைத் தூக்கி உட்கார வைத்தோம். சாத்தான் வேஷம் போட்டவனே முன்னால் நடந்து அவர் வீட்டுக் கதவைத் தட்டினான்.

வீட்டுக்கு வந்து ஆச்சியிடம் சொன்னேன். “நான் சாத்தான்கிட்ட ஒண்ணும் கேக்கல்ல ஆச்சி. அவன்தான் எங்ககிட்ட கேக்கான்.” ஆச்சி கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, “அப்பம் நல்ல பிள்ளதான். நல்லாச் சொல்லிக் குடு” என்றாள்.

ஏழு வயதுப் பிள்ளையின் நிலைமையை எண்ணிப் பாருங்கள். விடிந்ததிலிருந்து அடைகிற வரை அதற்கு மற்றவர்கள் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். பல் தேய், உட்கார், எழுது, பேசாதே, இப்படிப் பிடி, அப்படிப் போகாதே. அந்த வீட்டில், அந்தப் பள்ளியில், அந்தத் தெருவில் எல்லாரையும்விட அதுதான் கம்மி தெரிந்தது. குட்டிச்சாத்தான் வந்ததும் அந்த நிலை மாறியது. மலையைப் புரட்டும் வல்லமை உள்ளவனுக்கு ஒரு தபால் பெட்டியைத் தெரியவில்லை. அதைச் சொல்லிக்கொடுக்க ஏழு வயதுப் பிள்ளை வேண்டியிருந்தது. அந்த நிமிஷத்தில் பிள்ளை வளர்ந்தது. தனக்குத் தெரிந்ததைத் தன் வாயால் சொல்லும்போது அது உறுதிப்பட்டது. சொல்ல வராதபோது, பெரியவர்கள் சொன்னதை இத்தனை நாளும் கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொண்டிருக்கிறோம் என்பதும் உறைத்தது. ஒன்றும் தெரியாத ஒரு நண்பனைவிடப் பெரிய ஆசிரியர் குழந்தைக்குக் கிடையாது.

இப்படிப்பட்ட விருந்தாளிகள் நம் திரைக்குப் புதியவர்கள் அல்ல. 1967இல் எம்.வி. ராமன் இயக்கிய ‘பட்டணத்தில் பூதம்’ படத்தில் ஜாவர் சீதாராமன் ஜீபூம்பாவாக வந்தார். நெடுங்காலம் அடைபட்டுக் கிடந்து, திடீரென்று சென்னைப் பட்டணத்தில் கண்விழித்த பூதம். ஜெய்சங்கரும் நாகேஷும் அதற்கு எசமானர்கள். ஆனாலும் நகரத்தின் நடைமுறை தெரியாமல் அது உதவப் போய் உண்டாகும் குழப்பங்கள்தான் படத்தின் உயிர். பெரிய ஆகிருதிக்குள் ஒரு வெள்ளந்தி மனசு. 2004இல் சன் டி.வி.யில் ‘மை டியர் பூதம்’ தொடங்கியது. பூத உலகத்திலிருந்து வந்த மூசாவும் கௌரி என்ற சிறுமியும் சில வருஷம் தமிழ்நாட்டுப் பிள்ளைகளை ஒரு குறிப்பிட்ட நேரத்தில் வீட்டுக்குள் இழுத்துவந்தார்கள். கௌரியாக நடித்த நிவேதா தாமஸ் பிற்பாடு ‘பாபநாச’த்தில் கமல்ஹாசனின் மகளாக வந்தபோது, ‘இது நம்ம கௌரி’ என்று கண்டுகொண்ட இளைஞர்கள் எத்தனையோ பேர். அவர்களுக்கு மூசா எப்படியோ, எனக்குக் குட்டிச்சாத்தான் அப்படி. 1947இல் தொடங்கிய ‘அம்புலிமாமா’வில்கூட விக்கிரமாதித்தனின் தோளில் தொங்கிய வேதாளம் கேள்விதான் கேட்டது. நம் கதை மரபில் மாய உயிர்கள் கேள்வியோடு வந்தவைதாம்.

பழிவாங்கும் ஆவிகளும் நம் மண்ணுக்குப் புதிது இல்லை. எங்கள் பக்கத்துக் கள்ளியங்காட்டு நீலியின் கதை ஒன்று போதும். அநியாயமாகச் செத்த பெண்ணின் கோபத்தை மதிக்கத் தெரிந்த ஊர் அது. நீலிக்கு அவள் நியாயம் வேண்டும். அவள் கதையும் வேண்டும். என் வருத்தம் அதுவல்ல. நீலியும் சாத்தானும் ஒரே ஊரில் இருந்தார்கள். ஒருத்தி பெரியவர்களின் மனசாட்சியை உலுக்கினாள். இன்னொருவன் பிள்ளைகளோடு விளையாடினான். இன்று நீலி மட்டும் நூறு படங்களில் திரும்பத் திரும்ப வருகிறாள். சாத்தானைக் காணோம்.

குட்டிச்சாத்தானை மறுபடி அழைத்துவர முயன்றார்கள் என்பதும் உண்மை. 1997இல் புதிய காட்சிகளும் புதிய ஒலியமைப்பும் சேர்த்து மீண்டும் வெளியிட்டார்கள். 1998இல் ஊர்மிளா மதோண்ட்கரைச் சேர்த்து இந்தியில் ‘சோட்டா சேத்தன்’ வந்தது. 2010இல் பிரகாஷ்ராஜ், சந்தானம் காட்சிகளோடு தமிழில் ‘சுட்டிச் சாத்தான்’ வந்தது. புதிதாகச் சேர்த்த காட்சிகளில் பெரியவர்களின் சிரிப்பும் பெரியவர்களின் பேச்சும் கூடியிருந்தன. பழைய பகுதி வரும்போது மட்டும், சுவரில் அந்தப் பிள்ளைகள் ஏறும்போது மட்டும், அரங்கு பழையபடி மூச்சு வாங்கியது. ஜிஜோ எழுதிய இன்னொரு கதையிலிருந்து 2024 கிறிஸ்துமஸ் நாளில் மோகன்லாலின் ‘பரோஸ்’ வந்தது. வாஸ்கோ ட காமாவின் புதையலைக் காவல் காக்கும் ஆவியும் ஒரு சிறுமியும். அந்தக் கரு இன்னும் யாரோ சிலரை விடாமல் பிடித்திருக்கிறது என்பதில் எனக்கு ஆறுதல். தாம்பரம் பக்கத்தில் 1995இல் ‘கிஷ்கிந்தா’ பூங்காவைப் பிள்ளைகளுக்காகத் தொடங்கியவரும் நவோதயா அப்பச்சன்தான். பிள்ளைகளைச் சிரிக்க வைப்பதை ஆயுளுக்கும் வேலையாகக் கொண்ட அந்த மனிதர் 2012இல் மறைந்தார்.

படத்தின் முடிவு பிரிவுதான். மந்திரவாதி தீயில் அழிகிறான். குட்டிச்சாத்தான் வௌவாலாகிப் பறந்து போகிறான். பிள்ளைகள் அண்ணாந்து பார்த்தபடி நிற்கிறார்கள். இவ்வளவு நட்புக்குப் பிறகு அவன் தங்கியிருக்கக் கூடாதா என்று அன்றைக்கு அழுதேன். இன்று புரிகிறது. அவனுக்கு வேண்டியது விடுதலை. அன்பு என்ற பெயரில் அவனைப் பிடித்து வைத்திருந்தால் அந்தப் பிள்ளைகளும் இன்னொரு மந்திரவாதிதான். நேசித்தவனைப் போகவிட வேண்டும் என்ற கடினமான பாடத்தை ஒரு குழந்தைப் படம் சொன்னது. குழந்தைகளும் கண்ணீரோடு ஏற்றுக்கொண்டார்கள். குழந்தைகளுக்குச் சோகம் தாங்காது என்று சொல்கிறவர்கள் அந்த அரங்கில் ஒருமுறை உட்கார்ந்திருக்க வேண்டும்.

எங்கள் கூட்டமும் பறந்துவிட்டது. ஒருத்தன் துபாயில், ஒருத்தன் திருவனந்தபுரத்தில், ஒருத்தன் இருக்கிற இடமே தெரியவில்லை. ஊருக்குப் போனால் சந்தை இருக்கிறது, மணிமேடை இருக்கிறது. நான்கு பேர் சேர்ந்து ஒருவனுக்கு ஊரைக் காட்டும் அந்த நடை இல்லை. தெருவில் பிள்ளைகளே குறைவு. இருக்கிற பிள்ளைகளின் கையில் எல்லாம் தெரிந்த ஒரு கருவி இருக்கிறது. தபால் பெட்டி ஏன் சிவப்பு என்று கேட்டால் அது கண் இமைக்கும் நேரத்தில் சொல்லிவிடும். நல்லதுதான். ஆனால் அது எந்தப் பிள்ளையிடமும் திரும்பி, ‘எனக்குத் தெரியலையே, நீ சொல்லிக்கொடு’ என்று கெஞ்சுவதில்லை. அதன் எதிரில் பிள்ளை எப்போதும் தெரியாததாகவே இருக்கிறது. எங்களுக்குக் கிடைத்த நண்பன் நேர்மாறானவன். எல்லா வல்லமையும் அவனிடம் இருந்தது. எல்லா விளக்கமும் எங்களிடம் இருந்தது. அந்தப் பங்கீட்டைத்தான் நான் தொலைத்தேன். என் தலைமுறையே தொலைத்தது.

நம் திரையுலகத்தாரிடம் ஒரு வேண்டுகோள். ஐந்து பேய்ப் படம் எடுத்தால் அதில் ஒன்றாவது பிள்ளைகளின் பக்கத்தில் வந்து உட்காரும் ஆவியைப் பற்றியதாக இருக்கட்டும். அதற்குக் கோடிகள் வேண்டாம். 1984இல் ஓர் உருளும் அறையும், நான்கு நல்ல பிள்ளைகளும், அவர்களை நம்பிய ஓர் இயக்குநரும் போதுமாக இருந்தார்கள். இன்றைய வசதியில் அதைவிட நூறு மடங்கு செய்யலாம். மனசு மட்டும்தான் வேண்டும்.

அது வரும்வரை காத்திருக்க வேண்டாம் என்று வாசகர்களைக் கேட்டுக்கொள்கிறேன். வீட்டில் ஐந்து, ஆறு, ஏழு வயதில் பிள்ளை இருந்தால், இன்று ராத்திரி ஒரு குட்டிச்சாத்தானைக் கொண்டுவாருங்கள். அவனுக்கு மனித உலகத்தில் எதுவும் தெரியாது என்று சொல்லுங்கள். ஃப்ரிட்ஜைக் கண்டால் பயப்படுவான். காசைக் கண்டால் காகிதம் என்பான். அப்பா ஏன் காலையில் வெளியே போய் ராத்திரி சோர்ந்து திரும்புகிறார் என்று கேட்பான். கேள்விகளை மட்டும் நீங்கள் கேளுங்கள். பதிலைப் பிள்ளை சொல்லட்டும். தப்பாகச் சொன்னாலும் இடையில் புகுந்து திருத்தாதீர்கள். சாத்தான் அடுத்த கேள்வியைக் கேட்டால் பிள்ளையே திருத்திக்கொள்ளும்.